வாடகைக்கு எடுக்கும் ஹன்போக்: ஒரு வாடகைக் கடைக்காரியின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்கொரியத் தலைநகர் சியோலுக்குச் சுற்றுலா செல்வோருக்கான குறிப்புகள் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கியோங்போக்குங் அரண்மனைக்குப் போகிறவர்கள் ஹன்போக் எனப்படும் கொரிய மரபுடையை வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டால் நுழைவுக் கட்டணம் இல்லை என்பதையும், எந்த நிறத்தில் எடுத்தால் புகைப்படம் எடுப்பாக வரும் என்பதையும் அதில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அந்தப் பகுதிக்கு வைத்திருந்த துணைத்தலைப்பு, மாறுவேடம் போட்டால் அரண்மனை இலவசம் என்பது. அந்தச் சொல்லைப் பற்றியும், அந்தச் சொல்லால் கட்டுரையில் விடுபட்டுப்போன சில செய்திகளைப் பற்றியும் எழுதவே இந்தக் கடிதம். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாறுவேடம் என்ற சொல்லின்மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. எனக்குச் சோறு போடுவதே அதுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் 28 ஆண்டுகளாக நாட்டிய உடைகளும் பள்ளி ஆண்டு விழா உடைகளும் வாடகைக்கு விடும் சிறிய கடை ஒன்றை நடத்திவருகிறேன். ஆகஸ்ட் 15 நெருங்கும்போது காந்தியின் கண்ணாடியும் ஜான்சி ராணியின் அட்டை வாளும், செப்டம்பரிலும் டிசம்பரிலும் பாரதியாரின் கறுப்புக் கோட்டும் முண்டாசும், தை மாதத்தில் வள்ளுவரின் தாடியும் எங்கள் கடையிலிருந்து வெளியே போய், பாதி கிழிந்தும் மீதி மை கறையோடும் திரும்பி வரும். முன்பணம், தாமதக் கட்டணம், கறைக்கான பிடித்தம், காணாமல் போன ஒற்றைச் சலங்கைக்கான வாக்குவாதம் என இந்தத் தொழிலின் எல்லாச் சங்கடங்களும் எனக்குப் பழக்கம். ஆகவே சியோலில் நான் ஒரு வாடகைக் கடைக்குள் நுழைந்தபோது சுற்றுலாப் பயணியாக மட்டும் நுழையவில்லை. தொழில்காரியின் கண்ணும் கூடவே வந்தது.

என் மகள் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கார் உதிரிபாக நிறுவனத்தில் பொறியாளர். பயிற்சிக்காக அவளை ஆறு மாதம் கொரியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்புவதற்கு முந்தைய பத்து நாட்களுக்கு, கடந்த அக்டோபரில், என்னையும் வரவழைத்துக்கொண்டாள். சுரங்க ரயிலின் மூன்றாம் எண் பாதையில் கியோங்போக்குங் நிலையத்தில் இறங்கி மேலே ஏறி வந்தால், எங்கள் எம்.சி. ரோட்டில் சேலைக் கடைகள் அணிவகுத்திருப்பதைப் போல ஹன்போக் வாடகைக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. வாசலில் நின்று கூவி அழைக்கும் ஆள் மட்டும்தான் இல்லை. இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம், நாள் முழுதும் என்று மூன்று விலைகள் பலகையில் எழுதியிருந்தன. நான்கு மணி நேரத்துக்கு ஆளுக்கு 20,000 வொன் கொடுத்தோம். நம் பணத்தில் அது ஏறத்தாழ 1,200 ரூபாய். அரண்மனைக்குப் பெரியவர்களுக்கான நுழைவுச் சீட்டோ 3,000 வொன், அதாவது சுமார் 180 ரூபாய்தான். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், வாடகை உடையைக் கட்டணத்தை மிச்சப்படுத்தும் வழி என்று தங்கள் கட்டுரை சொல்வது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். மிச்சம் பிடிக்க நினைப்பவர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். உடையை எடுப்பதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

அந்தக் காரணத்தைப் பேசுவதற்கு முன் சலுகையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கொரியர்கள் தங்கள் உடையைத் திருமணத்துக்கும், சொல்லால் எனப்படும் புத்தாண்டுக்கும், சூசொக் எனப்படும் அறுவடைப் பெருநாளுக்கும் மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கிற நிலைமைக்கு வந்து வெகுகாலமாகிறது. அந்த உடையை மீண்டும் தெருவில் நடமாட வைக்க வேண்டும் என்ற நோக்கத்தில்தான், ஹன்போக் அணிந்து வருகிறவர்களுக்குக் கியோங்போக்குங் உள்ளிட்ட சியோலின் நான்கு அரண்மனைகளிலும் ஆண்டு முழுவதும் கட்டணமில்லை என்று 2013-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். வெளிநாட்டினரைக் கவர்வதற்கென்று மட்டும் வந்த விளம்பர உத்தி அல்ல அது. சொந்த மக்கள் சொந்த உடையைத் தொடாமல் இருக்கிறார்களே என்ற கவலையும் அதற்குள் இருந்தது. நம் ஊரில் அரசு அலுவலகங்களில் வாரத்தில் ஒரு நாள் கைத்தறி உடுத்துங்கள் என்று கேட்டுக்கொள்வதற்குப் பின்னால் இருக்கும் கவலையும் அதே இனம்தான்.

சலுகை வந்ததும் அரண்மனையைச் சுற்றி வாடகைக் கடைகள் பெருகின. இங்கேதான் ஒரு தையற்காரியாக எனக்குச் சுவையான இடம் வருகிறது. வாசலில் சீட்டு கேட்காமல் உள்ளே விட வேண்டுமென்றால், நிற்பவர் ஹன்போக்தான் அணிந்திருக்கிறாரா என்று காவலர் ஒரு நொடியில் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். அதற்கான விதி எளிமையானது: மேலுடையும் கீழுடையும், இரண்டும் ஹன்போக்காக இருக்க வேண்டும். துணி பட்டா பாலியஸ்டரா, வெட்டு பழையதா புதியதா என்பதையெல்லாம் வாசலில் நின்று ஆராய முடியாது, ஆராயவும் கூடாது. ஆனால் ஒரு விதி எவ்வளவைக் கேட்கிறதோ அவ்வளவைத்தான் சந்தை தைத்துக் கொடுக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்ற கணக்கு சரியாக இருந்தால் போதும் என்றானபின், அந்த இரண்டின் உருவமும் ஆண்டுக்கு ஆண்டு புகைப்படத்துக்கு ஏற்றபடி நகரத் தொடங்கிவிட்டது.

பழைய முறை எப்படி என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். பெண்களின் ஹன்போக்கில் மேலுடையின் பெயர் ஜொகோரி, கீழுடையின் பெயர் சிமா. ஜொகோரி முன்புறம் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து, கொரும் எனப்படும் இரண்டு நீளமான துணிப் பட்டைகளால் மார்பின் வலப்புறத்தில் முடிச்சிடப்படுகிறது. அந்த முடிச்சு நாம் ஷூவுக்குப் போடுவது போல இரண்டு காதுகள் கொண்டதல்ல; ஒரே ஒரு காதுதான், அதிலிருந்து இரண்டு வால்களும் நீளமாகத் தொங்கும். கழுத்துப் பட்டியின்மேல் விறைப்பான, குறுகிய வெள்ளைப் பட்டி ஒன்று தனியே தைத்திருக்கும். அதற்குப் பெயர் தோங்ஜொங். அழுக்கு முதலில் படுவது கழுத்தில் என்பதால், உடை முழுவதையும் துவைக்காமல் அந்தப் பட்டியை மட்டும் பிரித்து மாற்றிக்கொள்ள முடியும். வாடகைக் கடை நடத்துகிற எனக்கு இதைப் பார்த்ததும் பொறாமையே வந்தது. எத்தனை பாரதியார் கோட்டுகளை வெறும் கழுத்து அழுக்குக்காகவே சலவைக்கு அனுப்பியிருக்கிறேன்.

சிமா என்பது அகலமான துணியை நெருக்கமாகச் சுருக்கி ஒரு பட்டியில் பிடித்து, இடுப்பில் இல்லாமல் மார்புக்கு மேலே சுற்றிக் கட்டுவது. திறப்பு பின்புறம் வரும். ஆண்களுக்கு ஜொகோரியோடு பாஜி என்ற தொளதொளப்பான கால்சட்டை. வெளியே போகும்போது அதன்மேல் துருமாகி என்ற நீண்ட அங்கி. இவை எல்லாவற்றிலும் பொதுவாக நான் கண்டது, உடம்பின் வளைவுக்கு ஏற்ப டார்ட் எனப்படும் மடிப்புத் தையல் பிடித்து இறுக்குகிற வேலையே இல்லை என்பதுதான். பெரும்பாலும் நேர்கோட்டில் வெட்டிய துண்டுகள். மடித்தால் பலகை போலத் தட்டையாகக் கிடக்கும். உடுத்திய பிறகுதான் உருவம் கிடைக்கிறது. கழற்றி மடித்தால் உருவம் இல்லாமல் போய், கட்டியவரின் கையால் உருவம் பெறுகிற உடை நமக்கும் ஒன்று இருக்கிறது, ஆறு முழமானாலும் ஒன்பது முழமானாலும்.

இப்போது வாடகைக் கடையின் முன்வரிசையில் தொங்குவதைப் பாருங்கள். சிமாவுக்குள் கம்பி வளையம் வைத்த உள்பாவாடை. நம் ஊர்த் திருமண வரவேற்பு கவுனுக்குள் கேன்கேன் வைப்பார்களே, அதைவிடவும் விறைப்பானது. மேலே ஜரிகை லேஸ் ஒட்டிய, பாதி ஊடுருவித் தெரியும் துணி. முதுகுப் பக்கம் இடுப்பில் பெரிய ரிப்பன். முடிச்சு போட வேண்டிய கொரும் பல உடைகளில் ஏற்கெனவே முடிச்சாகவே தைக்கப்பட்டு, அடியில் வெல்க்ரோவோ அமுக்குப் பொத்தானோ வைத்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஐரோப்பிய இளவரசிக் கதைப் படம். கொரியாவில் இதற்குப் பெயரே இருக்கிறது, ஃப்யூஷன் ஹன்போக் என்கிறார்கள்.

வாடகைக்காரி என்ற முறையில் அந்தக் கடைக்காரர்களை நான் எளிதில் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளில் பத்துப் பேர் மாறி மாறி உடுத்துகிற உடையில் வெல்க்ரோ இல்லாமல் முடியாது. என் கடையிலும் பரதநாட்டிய உடையின் விசிறி மடிப்பு தைத்து வைத்ததுதான், பஞ்சகச்சத்தில் எலாஸ்டிக் இருக்கிறது, ஏழு வயதுக் குழந்தைக்கு மடிசார் என்றால் அதில் ஜிப்பும் இருக்கிறது. பாலியஸ்டர் சுருங்காது, சாயம் போகாது, இரவு துவைத்தால் காலையில் காய்ந்திருக்கும். கொரியாவின் ஹன்சான் பகுதியில் நெய்யும் மோசி என்ற ராமி நார்த் துணி மிக மெல்லியது. அந்த நெசவு முறையை யுனெஸ்கோ 2011-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அதை வாடகைக்கு விட்டுவிட்டு, ஐஸ்கிரீம் கையோடு திரும்பி வரும் வாடிக்கையாளரை எதிர்கொள்கிற நெஞ்சுரம் எனக்கு இல்லை. யாருக்கும் இருக்காது. வெல்க்ரோவும் பாலியஸ்டரும் வாடகைத் தொழிலின் கட்டாயங்கள். ஆனால் கம்பி வளையமும் முதுகு ரிப்பனும் எந்தத் தொழிலின் கட்டாயமும் இல்லை. ஒன்று உடையைப் பிழைக்க வைப்பதற்காகச் செய்த சமரசம், மற்றது உடையையே வேறொன்றாக்குவது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தையல் தெரிந்த எவரும் சொல்வார்.

கொரியர்களே இதைப் பேசாமல் இல்லை. அரண்மனை இருக்கும் சொங்னோ வட்ட நிர்வாகம், இப்படி உருமாறிய உடைகளுக்குச் சலுகை தர வேண்டுமா என்ற கேள்வியை 2018-இலேயே எழுப்பியது. 2022-ஆம் ஆண்டில் ஹன்போக்கை உடுத்தும் வாழ்க்கை முறையையே, அதாவது உடையை மட்டுமன்றி அதை எப்போது, எப்படி உடுத்துவது என்ற வழக்கத்தையும் சேர்த்து, அந்நாடு தன் தேசிய மரபுச் சொத்தாக அறிவித்தது. 2024-இல் மரபுரிமைத் துறையின் தலைவரே அரண்மனைச் சுற்றுப்புறத்து வாடகை உடைகள் எந்த நாட்டுடையது என்று தெரியாதபடி ஆகிவிட்டன, இதைச் சீர்செய்ய வேண்டும் என்று பேசினார். மறுபக்கம், உடை என்பது மாறிக்கொண்டே வருவதுதான், 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஜொகோரி குட்டையாகிக்கொண்டே வந்ததும் அந்தக் காலத்து நாகரிகம்தானே, இளைஞர்கள் எந்த வடிவிலாவது உடுத்தட்டுமே என்கிறவர்களும் அங்கே உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜொசொன் அரசமரபின் தொடக்கத்தில் இடுப்புவரை வந்த மேலுடை, அதன் இறுதிக் காலத்தில் மார்பளவுக்குச் சுருங்கியதற்கு எந்தச் சுற்றுலாப் பயணியும் காரணமில்லை. ஆனால் அந்த மாற்றத்தைச் செய்தவர்கள் அதை நாள்தோறும் உடுத்தி வாழ்ந்தவர்கள். நான்கு மணி நேரம் உடுத்திவிட்டுக் கழற்றிக் கொடுப்பவரின் கைப்பேசிக்காக நடக்கும் மாற்றத்தை அதே தராசில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் அனுபவத்துக்கு வருகிறேன். என் மகள் முன்வரிசையில் தொங்கியதையே எடுத்தாள். வெளிர் ஊதா, உள்ளே கம்பி வளையம். எனக்கு முதலில் உடுத்தவே விருப்பமில்லை. 58 வயதில் வேஷம் கட்டுவதா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்; ஆக, மாறுவேடம் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு தொழில் புத்தி வென்றது. பழைய முறையில் தைத்தது ஏதாவது இருக்கிறதா என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். கல்லாவில் இருந்த அம்மையார், என் வயதை ஒத்தவர், என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய், கடைசிக் கம்பியிலிருந்து ஒரு தொகுதியை எடுத்து வந்தார். அதே வாடகைதான். யாரும் கேட்பதில்லை என்பதால் உள்ளே தொங்குகிறது என்றார். என் கடையிலும் நல்ல பருத்திப் பாவாடை தாவணிகள் இப்படித்தான் கடைசிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

உடுத்திவிடும்போது அவர் காட்டிய பொறுமையை மறக்க முடியாது. உள்பாவாடை, அதன்மேல் சிமா, பட்டியை இழுத்து மூச்சைப் பிடிக்கச் சொல்லி முடிச்சு, அதன்மேல் ஜொகோரி. கை வளைவு எனக்கு இறுக்கமாக இருந்தது. பெரிய அளவு ஒன்றைத் தேடி மாற்றினார். கடைசியாகக் கொரும். இரண்டு முறை கட்டிக் காட்டிவிட்டு, பிரித்து என்னையே கட்டச் சொன்னார். எனக்கு மூன்றாம் முறைதான் வந்தது. மொழி தெரியாத இரண்டு பெண்களுக்கு நடுவே துணி போதுமான மொழியாக இருந்தது. என் மகள் அதற்குள் வெல்க்ரோவை ஒட்டிக்கொண்டு தலைப் பின்னலுக்கும் போய்விட்டிருந்தாள்.

வெளியே வந்ததும் வேறுபாடு தெரிந்துவிட்டது. அரியணை மண்டபமான குன்ஜொங்ஜொன்னின் முற்றம் முழுவதும் சமமாகச் செதுக்காத கரடுமுரடான கற்கள் பாவியது. இருபுறமும் அவரவர் பதவிக்கேற்ப அதிகாரிகள் நின்ற இடத்தைக் குறிக்கும் சிறு கற்கள் வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. அந்தக் கல்தரையில் கம்பி வளையம் தட்டித் தட்டி ஆடுகிறது; படியேறும்போது முன்பக்கம் அழுத்தினால் பின்பக்கம் எழும்புகிறது; வாயிற்படிகள் உயரமானவை, தாண்டும்போது ஒருவர் வளையம் இன்னொருவர் வளையத்தில் மாட்டுகிறது. கழிப்பறைக்குப் போக வேண்டி வந்தபோது என் மகள் பட்ட பாட்டை இங்கே எழுதினால் அவள் என்னோடு பேச மாட்டாள். எனக்கோ சிமாவின் ஒரு பக்கத்தை இடக்கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டால் போதும், கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு வண்ணாரப்பேட்டை மெட்ரோ படியில் ஏறுகிற மாதிரியே ஏறிவிட்டேன்.

கட்டுரையில் நிறத்தைப் பற்றி எழுதியிருந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் மஞ்சளும் சிவப்பும் நன்றாக எடுக்கும் என்று மட்டும் இருந்தது. மஞ்சள் ஜொகோரியும் சிவப்புச் சிமாவும் மணமாகாத இளம்பெண்ணுக்கு உரியது என்பதும், பச்சை ஜொகோரியும் சிவப்புச் சிமாவும் புதுமணப்பெண்ணின் உடை என்பதும் பழைய வழக்கம். கொரும் கருஞ்சிவப்பு ஊதாவாக இருந்தால் கணவர் இருக்கிறார் என்றும், கைநுனிப் பட்டி கருநீலமாக இருந்தால் மகன் இருக்கிறான் என்றும் பொருள். மெட்டியையும் பூவையும் பார்த்தே ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கணக்கிட்டுவிடுகிற ஊரிலிருந்து போன எனக்கு இது புரியாமல் இருக்குமா? அந்த வழக்கம் போற்றத்தக்கது என்று நான் சொல்லவில்லை. கணவர் இருக்கிறாரா இல்லையா என்பதைத் துணியில் எழுதி ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டிய தேவை எந்த ஊர்ப் பெண்ணுக்கும் இருந்திருக்கக் கூடாது. ஆயினும் நிறங்களுக்குப் பேச்சு இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு எடுப்பது ஒன்று, படத்தில் எடுப்பாக வரும் என்று எடுப்பது வேறு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் போன கடையில் அரசருக்கு டிராகன் பொறித்த சிவப்பு அங்கி இருந்தது, அரசிக்கு இருந்தது, படைத்தலைவருக்கும், குதிரைமயிர்த் தொப்பி வைத்த அறிஞருக்கும் இருந்தது. குடியானவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஜொசொன் காலத்தில் ஹன்போக் உடுத்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் சாயம் ஏற்றாத பருத்தியும் சணல் துணியும் உடுத்திய சாதாரண மக்கள். வெள்ளுடை மக்கள் என்பதே கொரியர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொண்ட பெயர். அந்த வெள்ளையைக் காப்பாற்றும் வேலை பெண்களுடையது. துவைத்துக் கஞ்சி போட்ட துணியை மடித்துக் கல்லின்மேல் வைத்து, இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஆளுக்கு இரண்டு கட்டைகளால் மாறி மாறி அடித்துப் பளபளப்பேற்றுவார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு முந்தைய இஸ்திரி. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர்பெற்ற பேட்டையிலிருந்து போனவளுக்கு, அந்த அரண்மனைப் பகுதியில் மிக நெருக்கமாகப் பட்ட செய்தி அதுதான். அரசர் அங்கியைப் பார்த்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அரண்மனையைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரே வரியில் 600 ஆண்டுப் பழமையானது என்று முடித்திருந்தது. 1395-இல் கட்டியது என்ற அளவில் அது சரிதான். ஆனால் 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அது எரிந்து, ஏறத்தாழ 270 ஆண்டுகள் இடிபாடாகவே கிடந்தது. 1867-இல்தான் மீண்டும் எழுந்தது. ஜப்பானியர் ஆட்சியில் பெரும்பாலான கட்டடங்களை இடித்துவிட்டு, அரியணை மண்டபத்துக்கு முன்னால் அதை மறைத்துக்கொண்டு தங்கள் தலைமைச் செயலகத்தை 1926-இல் கட்டி முடித்தார்கள். விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நாளான 1995 ஆகஸ்ட் 15 அன்று அதை இடிக்கத் தொடங்கினார்கள். வளாகத்தின் வடகோடியில் கொன்சொங்குங் என்ற சிறு மாளிகை இருக்கிறது. 1895-இல் ஜப்பானியக் கொலையாளிகள் கொரிய அரசியை வெட்டிக் கொன்றது அங்கேதான். அதன் முற்றத்தில் ஒரு குழுவினர் பாவாடை விரியக் குதித்துக் குதித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. நானும் அங்கே சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் அறிவிப்புப் பலகையைப் படித்தேன். அந்தப் படத்தை மகள் யாருக்கும் அனுப்பவில்லை. உடுத்திக்கொண்டு போகும் இடம் எது என்பதை ஒரு பத்தி சொல்லியிருந்தால், அரசியின் உடையை வாடகைக்கு எடுத்தவர் அங்கே சற்று அமைதியாக நடந்திருப்பார்.

ஆகவே, போக இருக்கும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். கடையில் நுழைந்ததும் பழைய முறையில் தைத்த தொகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் அது கடைசிக் கம்பியிலிருந்து முன்வரிசைக்கு வரும், இது 28 ஆண்டுகள் வாடகைக் கடை நடத்திய அனுபவத்தில் சொல்வது. கொரும் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள், அவிழ்ந்தால் ஊக்குப் போட்டுக்கொண்டு அலைய வேண்டியதில்லை. மேலுடை கையில் இறுக்கமாக இருந்தால் கூச்சப்படாமல் அளவு மாற்றிக் கேளுங்கள். முன்பணமும் தாமதக் கட்டணமும் எவ்வளவு என்பதை உடுத்துவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருபது நிமிடம் தாமதமாகத் திரும்பி அதற்குத் தனியாகக் கொடுத்தோம். என் கடையில் நான் கேட்பதைத்தானே அவர்களும் கேட்டார்கள் என்று வாய்மூடி எடுத்துக் கொடுத்தேன்.

கட்டுரையில் திருத்த வேண்டியவையும் சில உண்டு. ஜொகோரி மட்டும் எடுத்து ஜீன்ஸின்மேல் போட்டுக்கொண்டாலும் இலவசம் என்று எழுதியிருப்பது தவறு. மேலும் கீழும் இரண்டும் வேண்டும். ஆண்கள் ஆணுடையும் பெண்கள் பெண்ணுடையும்தான் அணிய வேண்டும் என்பதும் பழைய விதி. அந்நாட்டு மனித உரிமை ஆணையம் அது பாகுபாடு என்று சுட்டிக்காட்டியபின், 2019 ஜூலையிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. கியோங்போக்குங் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. வாடகை கொடுத்து உடுத்திக்கொண்டு போய், மூடிய குவாங்ஹ்வாமுன் வாயிலின் முன் நிற்க நேர்ந்தால் தங்கள் வாசகர் யாரை நொந்துகொள்வார்?

கடைசியாக ஒன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை பார்க்கும் கொரியக் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு பெண்கள், கணவரின் அலுவலக நண்பர் வீட்டுத் திருமணத்துக்கு உடுத்த வேண்டும் என்று ஓட்டுநரிடம் விசாரித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். சேலை வேண்டும் என்றார்கள். ஆண்டு விழாக் காலம், கடை நிறையக் கூட்டம். இரண்டு ஜிப் சேலைகளை எடுத்துக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். அதில் ஒருவர் மடிப்பைத் தொட்டுப் பார்த்து, இதை எப்படிக் கட்டுவது என்று கையால் சைகை காட்டிக் கேட்டார். தைத்ததுதான், கட்ட வேண்டியதில்லை என்று நானும் சைகையால் சொன்னேன். சியோலில் அந்த அம்மையார் என் மார்பில் கொரும் முடிச்சை இரண்டாம் முறை பிரித்தபோது எனக்கு அந்தக் கை நினைவுக்கு வந்தது. இப்போது என் கடையில் கட்டுச் சேலைகள் ஆறு முன்வரிசையில் தொங்குகின்றன. நேரம் இருந்தால் கட்டிவிடப்படும், கற்றுத்தரப்படும் என்று ஒரு அட்டையும் எழுதி மாட்டியிருக்கிறேன். இதுவரை நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள்.

இக்கடிதத்தை முழுமையாக வெளியிட இடமில்லை என்றால், செவ்வாய்க்கிழமை விடுமுறையையும் மேலுடை கீழுடை விதியையும் மட்டுமாவது திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 600 021